பண்டைய கிரேக்கம்: நிலமும் தொடக்க கால நாகரிகமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் கிரேக்க வரலாற்றின் முன்பாதியைப் பற்றியது: நிலம், கடல், முதல் உழவர்கள், கிரீட் தீவின் அரண்மனைகள், மைசீனி, அதன் வீழ்ச்சி, எழுத்து மறுபடி பிறந்த காலம். ஏறத்தாழ கி.மு. 7000 முதல் கி.மு. 600 வரை. சாக்ரடீஸும் அலெக்சாண்டரும் இதற்குப் பிந்தியவர்கள். அவர்கள் இங்கே வரமாட்டார்கள்.

பண்டைய கிரேக்கம் என்பது இன்றைய கிரீஸ் நாடுதானா?

இல்லை. அப்படி ஒரு நாடே அப்போது கிடையாது. கிரேக்க மொழி பேசியவர்கள் தனித்தனி ஊர்களாக, தனித்தனி ஆட்சிகளின் கீழ் வாழ்ந்தார்கள். இன்றைய கிரீஸின் நிலப்பகுதி, கிரீட், ஏஜியன் கடல் தீவுகள், இன்றைய துருக்கியின் மேற்குக் கரை ஆகியவை சேர்ந்ததே அவர்களுடைய உலகம். மிலீட்டஸ், எபேசஸ் போன்ற புகழ்பெற்ற கிரேக்க நகரங்கள் இப்போது துருக்கியில் இருக்கின்றன. வரைபடத்தைத் திறந்தால் ஏதென்ஸை நடுவில் வைக்காதீர்கள். ஏஜியன் கடலை நடுவில் வைத்துப் பாருங்கள். பாதிக் குழப்பம் அப்போதே தீர்ந்துவிடும்.

அந்த நிலம் எப்படிப்பட்டது?

ஐந்தில் நான்கு பங்கு மலையும் குன்றும். பிண்டஸ் மலைத்தொடர் வடமேற்கிலிருந்து தென்கிழக்காக நாட்டை இரண்டாகப் பிரிக்கிறது. மிக உயரமான சிகரம் ஒலிம்பஸ், 2,917 மீட்டர். பாறை பெரும்பாலும் சுண்ணாம்புக்கல் என்பதால் மழைநீர் விரிசல்கள் வழியாகக் கீழே இறங்கிவிடும். ஆறுகள் பல கோடையில் வற்றிப்போகும். அதனால் வற்றாத ஊற்று எங்கே இருக்கிறதோ அங்கேதான் ஊர்.

மழையை மேற்கும் கிழக்கும் சமமாகப் பெறுவதில்லை. ஈரக்காற்று மேற்கிலிருந்து வந்து பிண்டஸில் மோதுகிறது. மேற்குக் கரையில் கோர்ஃபூ தீவு ஆண்டுக்கு 1,000 மி.மீ.க்கு மேல் பெறும்போது, மலைக்கு அப்பால் இருக்கும் ஏதென்ஸுக்கு ஏறத்தாழ 400 மி.மீ.தான். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இரண்டு பக்கமும் நடப்பதுதான் அங்கும் நடக்கிறது. ஆனால் பருவம் வேறு: மழை அக்டோபரிலிருந்து மார்ச் வரை, கோடை முழுக்க வறட்சி.

இன்னொன்றும் உண்டு. ஆப்பிரிக்கப் புவித்தட்டு ஏஜியனுக்கு அடியில் நுழைந்துகொண்டிருக்கிறது. நிலநடுக்கம் அங்கே அடிக்கடி வரும். மெத்தானா, மீலோஸ், சாந்தோரினி, நிசிரோஸ் என்று ஓர் எரிமலை வரிசையும் இருக்கிறது. அரண்மனைகள் இடிந்ததும் திரும்பக் கட்டப்பட்டதும் பலமுறை நடந்ததற்கு இது ஒரு பெரிய காரணம்.

அப்படிப்பட்ட நிலத்தில் என்ன விளைந்தது? எங்கே தவறியது?

தானியம், ஒலிவம், திராட்சை. இந்த மூன்றும் ஒரே சமயத்தில் ஆட்களைக் கேட்பதில்லை என்பதுதான் இந்தக் கூட்டின் நன்மை. தானியத்தை முதல் மழைக்குப் பின் அக்டோபர், நவம்பரில் விதைப்பார்கள். மே மாதத்தில் அறுவடை. கவிஞர் ஹெசியோட் சொல்லும் கணக்கு வானத்தைப் பார்த்தது: கார்த்திகை விண்மீன் கூட்டம் விடியலில் மறையும்போது உழவு, விடியலில் எழும்போது அறுவடை. திராட்சை செப்டம்பரில், ஒலிவம் அதற்குப் பின் குளிர்காலத்தில். ஒலிவ மரம் சரிவிலும் கல்லிலும் நிற்கும். ஆனால் நல்ல காய்ப்புக்குப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டும், அதன் பிறகும் ஓராண்டு நிறையக் காய்த்தால் மறு ஆண்டு குறையும். எனவே ஒலிவத் தோப்பை வைத்திருப்பவர் எண்ணெயைச் சேமித்து வைக்கவும் தெரிந்திருக்க வேண்டும். ஆள் உயரச் சேமிப்புச் சாடிகள் அரண்மனைகளில் வரிசை வரிசையாக நிற்பது அதனால்தான்.

கோதுமைக்குப் பருவத்தில் குறைந்தது 300 மி.மீ. மழை வேண்டும், வாற்கோதுமைக்கு 200 மி.மீ. போதும். 20ஆம் நூற்றாண்டின் மழைப் பதிவுகளை வைத்துக் கணக்கிட்டால் ஏதென்ஸைச் சுற்றியுள்ள அட்டிகா பகுதியில் ஏறத்தாழ நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை கோதுமை பொய்த்திருக்கும். வாற்கோதுமை இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறைதான். அட்டிகாவின் உழவர் வாற்கோதுமையை அதிகம் விதைத்ததற்கு இந்தக் கணக்கே போதும், சுவைக்கு இதில் இடமில்லை. நிலம் ஓராண்டு பயிர், ஓராண்டு தரிசு என்று மாறி மாறிக் கிடக்கும். ஆக, விளைநிலத்தில் பாதிதான் எந்த ஆண்டும் சோறு போடும்.

தண்ணீர் மிதமிஞ்சிய இடமும் இருந்தது. அட்டிகாவுக்கு வடமேற்கே இருக்கும் பியோஷியாவின் கொப்பாயிஸ் ஏரிக்குக் கடலுக்குப் போகும் ஆறு இல்லை; சுண்ணாம்புப் பாறையின் துளைகள் வழியாகத்தான் வடிய வேண்டும். துளை அடைத்துக்கொண்டால் வயல் மூழ்கும். மைசீனியர்கள் (வெண்கலக் காலத்தில் நிலப்பகுதியில் அரண்மனை கட்டி ஆண்ட கிரேக்கர்கள்) அணைகரைகள் போட்டு, ஆறுகளைக் கால்வாய் வழியே நேராக அந்தத் துளைகளுக்குத் திருப்பி, ஏரியின் பெரும்பகுதியை வயலாக்கினார்கள். அங்கே கிளா என்ற கோட்டையைக் கட்டினார்கள். அதன் மதில் ஏறத்தாழ 3 கி.மீ. சுற்றளவு. பராமரிக்க ஆட்சி இல்லாமல் போனதும் ஏரி திரும்ப வந்துவிட்டது. மறுபடி வடிக்கப்பட்டது 19ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான்.

மலைகள் பிரித்ததால்தான் நகர அரசுகள் தோன்றின என்கிறார்களே?

பாதி உண்மை. ஆர்கோலிஸ், லக்கோனியா, மெஸ்ஸீனியா எல்லாம் மலை சூழ்ந்த தனித்தனிச் சமவெளிகள் என்பது சரி. ஆனால் பியோஷியாவின் சமவெளியை மலை எதுவும் கூறுபோடவில்லை. அங்கேதான் தீப்ஸ், ஒர்க்கோமெனோஸ், தெஸ்பியே, பிளாட்டேயா என்று பல நகரங்கள் ஒன்றோடொன்று சண்டை போட்டன. அட்டிகாவிலோ நடுவே குன்றுகள் இருந்தும் ஏறத்தாழ 2,500 சதுர கி.மீ. முழுவதும் ஏதென்ஸ் என்ற ஒரே அரசானது. மைசீனியர் காலத்தில் இதே மலைகளுக்கு நடுவே அரண்மனை ஆட்சிகள் இருந்தன, நகர அரசுகள் இல்லை. மலை வாய்ப்பைக் கொடுத்தது. அரண்மனைகள் விழுந்த பிறகு அந்த இடத்தை நிரப்ப யாரும் இல்லாமல் போனதுதான் சிறு சிறு ஊர்களைத் தனி அரசுகளாக்கியது என்பதே பொருத்தமான விளக்கம்.

கடல் பயணம் எளிதாக இருந்ததா?

கோடையில் மட்டும். ஏஜியனில் ஒரு தீவிலிருந்து பார்த்தால் பெரும்பாலும் அடுத்த தீவு தெரியும். பகலில் கரையைக் கண்ணில் வைத்தபடி ஓட்டலாம். ஆனால் நவம்பரிலிருந்து மார்ச் வரை படகுகளைக் கரையேற்றி வைத்துவிடுவார்கள். ஜூலை, ஆகஸ்டில் வடக்கிலிருந்து எட்டீசியக் காற்று விடாமல் வீசும். அது தெற்கே போகிறவருக்கு நண்பன், வடக்கே திரும்புகிறவருக்கு எதிரி. அதனால் கிரீட்டிலிருந்து எகிப்துக்கு நேராகக் கடலைக் கடப்பார்கள். திரும்பும்போது சிரியக் கரை, சைப்ரஸ், துருக்கியின் தென்கரை என்று இடஞ்சுழியாக ஒரு பெரிய வட்டம் அடித்துத்தான் வர முடியும்.

கிரீஸின் தென் தீபகற்பமான பெலொப்பொனீஸின் தென்கிழக்கில் மலேயா முனை காற்றுக்கும் சுழலுக்கும் பேர்போனது. அதைத் தவிர்க்க விரும்பியவர்களுக்கு ஒரே மாற்று கொரிந்து பூசந்தி. குறுகிய இடத்தில் அகலம் 6 கி.மீ.க்குச் சற்று மேல். அங்கே கி.மு. 600 வாக்கில் கல் பாவிய இழுவைப் பாதை ஒன்று போடப்பட்டது. இரண்டு கடலுக்கும் சுங்கம் வாங்கிய கொரிந்து பணக்கார ஊரானதில் வியப்பில்லை. கால்வாய் திறக்கப்பட்டது கி.பி. 1893இல்.

இன்றைய கடற்கரையை வைத்துப் பழைய இடங்களைப் புரிந்துகொள்ளலாமா?

கவனமாக இருங்கள். ஆறுகள் கொண்டுவந்த வண்டல் கடலைப் பின்னுக்குத் தள்ளியிருக்கிறது. துறைமுகமாக இருந்த மிலீட்டஸ் இப்போது கடலிலிருந்து பல கி.மீ. உள்ளே கிடக்கிறது. டிராய்க்கு முன்னால் இருந்த விரிகுடா வயலாகிவிட்டது. கிரேக்கர் பாரசீகப் படையை எதிர்த்து நின்ற தெர்மோப்பிலே கணவாய், கி.மு. 480இல் மலைக்கும் கடலுக்கும் இடையே ஓர் ஒடுக்கம். இன்று அங்கே நின்றால் கடல் எங்கோ தூரத்தில்.

காலவரிசையைச் சுருக்கமாகத் தர முடியுமா?

எல்லாமே கி.மு., எல்லாமே ஏறத்தாழ:

7000–3000: புதிய கற்காலம். உழவு, கால்நடை.
3000–2000: முதல் வெண்கலக் காலம்; சைக்கிளேட்ஸ் தீவுகளின் பளிங்குச் சிலைகள்.
1900–1700: கிரீட்டின் முதல் அரண்மனைகள்.
1700–1450: கிரீட்டின் புதிய அரண்மனைகள்.
1600–1100: மைசீனியர் காலம். 1450க்குப் பின் கிரீட்டின் நோசோஸ் அரண்மனையும் இவர்கள் கையில்.
1100–800: "இருண்ட காலம்".
800க்குப் பின்: எழுத்து, நகர அரசுகள், குடியேற்றங்கள்.

படிக்கிறவர்கள் அதிகம் சறுக்கும் இடம் நூற்றாண்டுக் கணக்கு. கி.மு. 13ஆம் நூற்றாண்டு என்றால் 1300இலிருந்து 1201 வரை. எண் குறையக் குறைய நமக்கு அருகே வருகிறோம்.

அரண்மனைகளுக்கு முன் அங்கே யார் இருந்தார்கள்?

அனட்டோலியா, அதாவது இன்றைய துருக்கிப் பக்கத்திலிருந்து உழவு வந்தது. நோசோஸ் மேட்டின் அடியில் கி.மு. 7000 வாக்கில் குடியேற்றம் இருந்தது. வடக்கே தெஸ்ஸலிச் சமவெளியில் செஸ்க்லோ, டிமினி புகழ்பெற்ற ஊர்கள். ஆனால் கடலோட்டம் உழவைவிடப் பழையது. ஆர்கோலிஸில் உள்ள ஃபிராங்க்தி குகையில், உழவுக்கு முந்திய அடுக்குகளிலேயே, மீலோஸ் தீவின் எரிமலைக் கண்ணாடிக் கல் கிடைத்திருக்கிறது. அந்தத் தீவுக்குப் படகில்லாமல் போக முடியாது. கத்தி முனைக்கு நல்ல கல் தேடி மனிதர்கள் நிலத்தைத் தாண்டிப் போயிருக்கிறார்கள்.

மினோவர்கள் கிரேக்கர்களா?

மொழியால் இல்லை. கிரீட்டில் வாழ்ந்தவர்கள் லீனியர் ஏ என்ற எழுத்தில் எழுதினார்கள். அது இன்னும் படிக்கப்படவில்லை, அந்த மொழி கிரேக்கம் அல்ல என்பது மட்டும் தெளிவு. அவர்கள் தங்களை எப்படி அழைத்துக்கொண்டார்கள் என்பதும் தெரியாது. "மினோவர்" என்ற பெயர் புராண மன்னன் மினோஸை வைத்துப் பிரிட்டிஷ் அகழாய்வாளர் ஆர்தர் எவான்ஸ் பரப்பியது. 2017இல் வெளிவந்த மரபணு ஆய்வின்படி மினோவர், மைசீனியர் இருவருமே பெரும்பாலும் ஏஜியன், மேற்கு அனட்டோலியப் பகுதிகளின் முதல் உழவர்களின் வழித்தோன்றல்கள். மைசீனியரிடம் மட்டும் வடக்கின் புல்வெளி மக்களோடு தொடர்புடைய ஒரு சிறு பங்கு கூடுதலாக இருந்தது.

நோசோஸ், ஃபைஸ்டோஸ், மாலியா, சாக்ரோஸ் ஆகிய நான்கும் பெரிய அரண்மனைகள். அமைப்பு ஒன்றுபோலவே இருக்கும்: வடக்கு-தெற்காக நீண்ட திறந்த முற்றம் (நோசோஸில் ஏறத்தாழ 50க்கு 25 மீட்டர்), மேற்கே சேமிப்பு அறைகள், வெளிச்சக் கிணறுகள், மேலே பருத்துக் கீழே ஒடுங்கும் மரத் தூண்கள், சுடுமண் குழாய்கள், வடிகால். "அரண்மனை" என்கிறோமே தவிர, இவை களஞ்சியம், பட்டறை, கோயில், கணக்கு அலுவலகம் எல்லாம் சேர்ந்தவை. மன்னனின் உருவம் என்று உறுதியாகச் சொல்ல ஒரு சிலைகூட இல்லை.

நோசோஸில் இன்று பார்ப்பதில் எவ்வளவு அசல்?

சிவப்புத் தூண்களோடு நிமிர்ந்து நிற்கும் மேல்தளங்கள் பெரும்பாலும் எவான்ஸ் 20ஆம் நூற்றாண்டில் கட்டிய கான்கிரீட். அவர் 1900இல் தோண்டத் தொடங்கினார். மழையில் நனைந்து சரியும் சுவர்களைக் காப்பாற்றத் தொடங்கிய வேலை, பின்பு கற்பனைக்கும் இடம் கொடுத்தது. "லில்லி இளவரசன்" ஓவியம் வெவ்வேறு உருவங்களின் துண்டுகளைச் சேர்த்து ஒட்டியது என்று பலர் கருதுகிறார்கள். சுவரோவியங்களில் பார்க்கும்போது சற்றே புடைத்து, நிறம் தேய்ந்து தெரியும் துண்டுகள் அசல். நடுவே வழவழப்பாக ஓடுவது மீட்டுவரைந்தது. கலப்பில்லாமல் பார்க்க விரும்பினால் ஃபைஸ்டோஸுக்குப் போங்கள். அங்கே இப்படிக் கட்டி எழுப்பவில்லை.

சாந்தோரினி எரிமலைதான் மினோவரை அழித்ததா?

நேரடியாக இல்லை. இது தொலைக்காட்சிக்குப் பிடித்த கதை. தேரா, அதாவது சாந்தோரினி, மிகப் பெரிய அளவில் வெடித்தது உண்மை. அக்ரோதிரி என்ற ஊர் சாம்பலுக்குள் புதைந்தது. 1967இல் ஸ்பிரிடோன் மரினாட்டோஸ் அதைத் தோண்டத் தொடங்கினார். இத்தாலியில் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பேய் நகரில் கிடைத்ததுபோல மனித உடல்கள் கிடைக்கவில்லை. முன்னதிர்ச்சி கண்டு மக்கள் வெளியேறியிருக்கிறார்கள். ஆண்டைப் பற்றி இன்னும் வழக்கு ஓய்ந்தபாடில்லை: கார்பன் காலக்கணிப்பு கி.மு. 1600 வாக்கில் என்கிறது, எகிப்தோடு ஒப்பிட்ட பானைக் கணக்கு 1500 பக்கம் இழுக்கிறது.

எந்தக் கணக்கை எடுத்தாலும் கிரீட்டின் அரண்மனைகள் எரிந்தது அதற்குப் பிறகுதான், கி.மு. 1450 வாக்கில். சான்று பானைகளில் இருக்கிறது. ஆக்டோபஸ், நட்சத்திர மீன் வரைந்த "கடல் பாணி" மினோவப் பானைகள் எரிந்த அரண்மனைகளின் அடுக்கில் வருகின்றன. அக்ரோதிரியில் ஒன்றுகூட இல்லை. அதாவது எரிமலை வெடித்தபோது அந்தப் பாணியே பிறந்திருக்கவில்லை. கப்பல்கள், துறைமுகங்கள், வணிகம் ஆகியவற்றை வெடிப்பு பலவீனப்படுத்தியிருக்கலாம் என்பது வரை சொல்லலாம்.

அகமெம்னனின் தங்க முகமூடி உண்மையில் அகமெம்னனுடையதா?

இல்லை. அகமெம்னன், டிராய்ப் போரில் கிரேக்கப் படைக்குத் தலைமை ஏற்றதாகக் கதை சொல்லும் மைசீனி மன்னன். முகமூடியோ, அகழாய்வாளர் ஹைன்ரிச் ஷ்லீமன் 1876இல் மைசீனியின் குழிக்கல்லறை ஒன்றில் எடுத்தது. கல்லறை கி.மு. 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது; மரபு சொல்லும் டிராய்ப் போர் கி.மு. 1200ஐ ஒட்டியது. இடையே 300 ஆண்டுகள். மைசீனியின் சிங்க வாயிலும் பெரும் மதில்களின் பெரும்பகுதியும் கி.மு. 13ஆம் நூற்றாண்டுக் கட்டுமானம். முகமூடிக்காரர் அவற்றைப் பார்த்ததே இல்லை.

தேன்கூடு வடிவக் கல்லறைகளை எப்படிக் கட்டினார்கள்?

பெரியது மைசீனியில் உள்ள "அட்ரேயஸ் கருவூலம்". பெயர்தான் கருவூலம், கல்லறைதான் அது. உள்விட்டம் ஏறத்தாழ 14.5 மீட்டர், உயரம் 13 மீட்டருக்கு மேல். வாசலின் உள் உத்தரக்கல் ஏறத்தாழ 120 டன்.

குன்றின் பக்கவாட்டில் நீண்ட நடைவழி ஒன்றை வெட்டுவார்கள் (இங்கே 36 மீட்டர்). அதன் முடிவில் வட்டமான குழி. குழிக்குள் கல் வளையங்கள். ஒவ்வொரு வளையமும் கீழுள்ளதைவிடச் சற்று உள்ளே நீட்டியிருக்கும். இது உண்மையான வளைவு அல்ல, நீட்டுக்கல் அடுக்கு. கற்கள் உள்ளே கவிழாமல் இருக்க இரண்டு விஷயம் வேண்டும்: ஒவ்வொரு கல்லின் பின்பகுதியையும் மண் அழுத்த வேண்டும், வளையத்தின் கற்கள் பக்கவாட்டில் ஒன்றையொன்று இறுக்க வேண்டும். ஆகவே கட்டக் கட்டவே வெளியே மண்ணை நிரப்பிக்கொண்டு வருவார்கள். உச்சிக் கல்லை வைத்த பின் உட்புறத்தைச் செதுக்கி வழவழப்பாக்குவார்கள். வாசல் உத்தரத்துக்கு மேல் முக்கோண வடிவில் வெற்றிடம் விட்டு, எடையை இருபுறமும் பிரித்துவிடுவார்கள். அடக்கம் முடிந்ததும் வாசலைக் கல்லால் அடைத்து நடைவழியை மண்ணால் மூடுவது வழக்கம். அடுத்த சாவுக்கு மறுபடி தோண்ட வேண்டும்.

மேல் மண்ணை மழை அரித்தாலும், வாசல் கற்களை யாராவது பெயர்த்தாலும் சமநிலை போய்விடும். பல கல்லறைகளின் கூரை இப்போது இல்லாததன் காரணம் அதுதான்.

வெண்கலம் ஏன் இவ்வளவு முக்கியம்?

அதற்கு வேண்டிய உலோகம் உள்ளூரில் போதாது என்பதால். செம்பு 10 பங்குக்குத் தகரம் (வெள்ளீயம்) 1 பங்கு. இதுதான் நல்ல கலவை. தகரம் குறைந்தால் முனை மழுங்கும், அளவு மீறினால் அடிக்கும்போது விரிசல் விடும். செம்பின் பெரும்பகுதி சைப்ரஸிலிருந்து வந்தது. ஏஜியனில் தகரமே கிடையாது. மத்திய ஆசியா போன்ற தொலைதூரத்திலிருந்து கைமாறிக் கைமாறி வர வேண்டும்.

1982இல் துருக்கியின் தென்கரையில் கடற்பஞ்சு எடுக்கும் மூழ்காளர் ஒருவர் கண்ட ஊலுபுருன் கப்பல், கி.மு. 14ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்தது. அதில் ஏறத்தாழ 10 டன் செம்பும் 1 டன் தகரமும் இருந்தன. கலவை விகிதமே கப்பலில் ஏறியிருக்கிறது! ஒரு கப்பல் மூழ்கினால் ஒரு படைக்கான ஆயுதம் போச்சு. இத்தகைய சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் அரண்மனைப் பொருளாதாரம் திணறும்.

லீனியர் பி என்றால் என்ன? எப்படிப் படித்தார்கள்?

மைசீனியர்கள் கிரேக்க மொழியை எழுதப் பயன்படுத்திய அசை எழுத்து. 87 அசைக்குறிகள், அவற்றோடு பொருள்களைக் காட்டும் படக்குறிகள். அமெரிக்க ஆய்வாளர் ஆலிஸ் கோபர், சொற்களின் முடிவுகள் ஓர் ஒழுங்கோடு மாறுவதைக் கண்டார். இது விகுதிகள் ஏற்கும் மொழி என்று அதனால் தெரிந்தது. அவர் 1950இல் இறந்தார். கட்டடக் கலைஞரான மைக்கேல் வென்ட்ரிஸ், ஒரே மெய் கொண்ட குறிகளை ஒரு வரிசையிலும் ஒரே உயிர் கொண்டவற்றை ஒரு பத்தியிலும் அடுக்கிக் கட்டம் போட்டார். கிரீட்டின் களிமண் பலகைகளில் மட்டும் வரும் சில சொற்கள் ஊர்ப் பெயர்களாக இருக்கலாம் என்று ஊகித்து கோ-நோ-சோ (நோசோஸ்), அ-மி-நி-சோ (அம்னிசோஸ்) என்று பொருத்தியதும் கட்டம் திறந்துகொண்டது. 1952இல் முடிவை வானொலியில் அறிவித்தார். பிறகு ஜான் சாட்விக்கோடு சேர்ந்து விரிவாக எழுதினார்.

சந்தேகப்பட்டவர்களை மௌனமாக்கியது மெஸ்ஸீனியாவின் பைலோஸ் அரண்மனையில் கிடைத்த ஒரு பலகை. முக்காலிப் பாத்திரப் படத்தின் அருகே "தி-ரி-போ". மூன்று கைப்பிடிச் சாடிக்கு அருகே "தி-ரி-ஓ-வே". நான்கு கைப்பிடிக்கு "க்வெ-தோ-ரோ-வே". கைப்பிடி இல்லாததற்கு "அ-னோ-வே". படமும் சொல்லும் எண்ணும் ஒத்துப்போயின.

படிப்பவரைத் தடுமாற வைப்பது எழுத்து முறை. ல, ர இரண்டுக்கும் ஒரே குறி. க வரிசைக் குறி ஒன்றே வல்லொலி, மெல்லொலி, மூச்சொலி (k, g, kh) மூன்றுக்கும் போதும்; ப வரிசையும் அப்படியே. தமிழ் எழுத்தில் படித்துப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. ஆனால் மெய்யீறுகளும் விழுந்துவிடும், கூட்டு மெய்களுக்கு இடையில் உயிர் செருகப்படும். "க்ரூசோஸ்", அதாவது தங்கம், கு-ரு-சோ ஆகிவிடும்.

அந்தப் பலகைகளில் கதை, கவிதை, வரலாறு ஏதும் உண்டா?

ஒரு வரிகூட இல்லை. எல்லாம் கணக்கு. ஈரக் களிமண்ணில் கூர்முனையால் கீறிக் காயவைப்பார்கள். சிறு குறிப்புகளுக்கு ஓலை வடிவப் பலகை, மொத்தக் கணக்குக்குப் பக்க வடிவப் பலகை. எண்கள் பத்தடிமானம்: ஒன்றுக்கு நிமிர்ந்த கோடு, பத்துக்குக் கிடைக்கோடு, நூறுக்கு வட்டம். பலகைகளைச் சுடுவதில்லை, ஆண்டு முடிந்ததும் தேவைப்படாது. அரண்மனை எரிந்த நெருப்பில் வெந்தவை மட்டும் நமக்குக் கிடைத்தன. அதனால் ஒவ்வோர் அரண்மனையின் கடைசிச் சில மாதங்கள் மட்டுமே நமக்குத் தெரியும். முந்திய ஆண்டுகள் முழு இருட்டு.

கிடைத்தது குறைவானதல்ல. நோசோஸ் கணக்கில் ஏறத்தாழ ஒரு லட்சம் ஆடுகள், கம்பளிக்காக. பைலோஸில் நறுமண எண்ணெய்த் தயாரிப்பு, நூற்றுக்கணக்கான கொல்லர்களுக்கு நிறுத்துக் கொடுத்த வெண்கலம், தானியமும் அத்திப்பழமும் படியாகப் பெற்ற 700க்கு மேற்பட்ட பெண் தொழிலாளர்கள். அவர்களில் சிலர் மிலீட்டஸ், நிடோஸ் போன்ற கிழக்குக் கரை ஊர்ப் பெயர்களால் குறிக்கப்படுகிறார்கள்; பிடித்துவரப்பட்டவர்களாக இருக்க வாய்ப்பு அதிகம். தலைவன் "வனக்ஸ்". "பசிலெயுஸ்" என்பவன் அப்போது ஊர் மட்டத்து அலுவலன். வனக்ஸ் மறைந்த பிறகு அந்தப் பெயர்தான் அரசனைக் குறிக்க வந்தது. போசிடான், சீயஸ், ஹேரா, டயோனிசஸ் பெயர்களும் காணிக்கைப் பட்டியல்களில் இருக்கின்றன.

டிராய்ப் போர் நடந்ததா?

கிரேக்கர் டிராய் நகரை முற்றுகையிட்டதாகக் கவிஞர் ஹோமர் பாடிய போர் இது. இடம் உண்மை: துருக்கியின் ஹிசார்லிக் மேடு. ஒன்பது பெரிய அடுக்குகள். ஷ்லீமன் நடுவே அகழி வெட்டி, தேடிய அடுக்கையே பெருமளவு தோண்டி எறிந்துவிட்டார். அவர் "பிரியாமின் புதையல்" (பிரியாம், கதையில் டிராயின் மன்னன்) என்று அறிவித்தது இரண்டாம் அடுக்கு, போர்க் காலத்தைவிட ஆயிரம் ஆண்டு பழையது. இன்றைய துருக்கியில் அப்போது ஆண்ட ஹிட்டைட் பேரரசின் ஆவணங்களில் வரும் "விலூசா" டிராயையும், "அஹ்ஹியாவா" மைசீனிய உலகத்தையும் குறிப்பதாகப் பெரும்பாலோர் ஏற்கிறார்கள். அந்த ஊருக்காக உரசல்கள் நடந்தன, கி.மு. 1180 வாக்கில் ஊர் எரிந்தது. ஹோமரின் பத்தாண்டு முற்றுகைக்கு அகழாய்வுச் சான்று இல்லை.

மைசீனிய உலகம் ஏன் விழுந்தது? டோரியர் படையெடுப்பா?

ஒரே காரணம் சொல்பவரை நம்ப வேண்டாம். கி.மு. 1250க்குப் பின் அச்சம் தெரிகிறது: மைசீனி மதிலுக்கு அடியில் படிக்கட்டு வெட்டி ஏறத்தாழ 18 மீட்டர் ஆழத்தில் தண்ணீருக்கு வழி செய்தார்கள், ஏதென்ஸின் அக்ரோபொலிஸிலும் அப்படியே. பைலோஸ் பலகைகள் சில, கடற்கரையைக் கண்காணிக்க ஏறத்தாழ 800 பேரைப் பிரித்து நிறுத்தியதைச் சொல்கின்றன. சில இடங்களில் நிலநடுக்கத் தடயம், கிழக்கு மத்தியதரைக் கடல் எங்கும் வறட்சி, ஹிட்டைட் பேரரசின் சரிவு, எகிப்தின் மூன்றாம் ராம்சேஸ் பதிவு செய்த கடல்வழிக் கும்பல்கள் எல்லாம் ஒரே தலைமுறைக் காலத்தில் வருகின்றன. எல்லாவற்றையும் மையத்தில் கணக்கிட்டுப் பங்கிட்ட அமைப்பு என்பதால், மையம் எரிந்ததும் எழுத்தரும் கொல்லரும் கப்பலும் சேர்ந்தே போனார்கள்.

கிரேக்கத்தின் ஒரு வட்டாரவழக்கைப் பேசிய டோரியர் வடக்கிலிருந்து படையெடுத்தார்கள் என்பது பிற்காலக் கிரேக்கர்களே சொன்னது. ஆனால் புதிய மக்கள் திரளாக வந்ததைக் காட்டும் தனிப் பானையோ ஆயுதமோ இல்லை. "புதியவை" என்று காட்டப்பட்ட வாள்களும் கைவனைந்த பானைகளும் அரண்மனைகள் விழுவதற்கு முன்பே வந்துவிட்டன. டோரிய வட்டாரவழக்கு பின்னாளில் லக்கோனியாவிலும் கிரீட்டிலும் இருந்தது உண்மை. காலியான இடங்களுக்குச் சிறுகச் சிறுக ஆட்கள் நகர்ந்திருக்கலாம்.

இருண்ட காலம் உண்மையில் இருண்டதா?

எழுத்து இல்லை, பெரிய கட்டடம் அரிது, ஊர்கள் வெகுவாகக் குறைந்தன. ஆனால் தகரம் வராமல் போனபோது இரும்பு கைகொடுத்தது. அதன் தாது உள்ளூரிலேயே உண்டு. யூபியா தீவின் லெஃப்காண்டியில் கி.மு. 950 வாக்கில் ஏறத்தாழ 50 மீட்டர் நீளக் கட்டடம் ஒன்று. உள்ளே தங்க அணிகளோடு ஒரு பெண், எரித்த சாம்பலாய் ஓர் ஆண், தனிக்குழியில் நான்கு குதிரைகள். சாம்பல் இருந்த வெண்கலச் சாடி சைப்ரஸிலிருந்து வந்தது, அப்போதே ஒரு நூற்றாண்டுப் பழமை. முழு இருட்டு என்றால் இது எப்படி?

எழுத்து எப்படித் திரும்பி வந்தது?

இன்றைய லெபனான் கரையில் வாழ்ந்த கடலோடி வணிகர்களான ஃபினீசியரிடமிருந்து, கி.மு. 800 வாக்கில். அவர்களுடைய 22 எழுத்தும் மெய்கள். கிரேக்கத்துக்குத் தேவைப்படாத ஒலிகளுக்குரிய குறிகளை எடுத்து உயிர்களுக்கு வைத்தார்கள்: ஆலெஃப் "ஆ" ஆனது, அயின் "ஓ" ஆனது. தொடக்கத்தில் வலமிருந்து இடமாகவும், ஒரு வரி அப்படி மறுவரி இப்படி என்றும் எழுதினார்கள். மிகப் பழைய சான்றுகளில் ஒன்று ஏதென்ஸின் டிபிலோன் குவளை, கி.மு. 740 வாக்கில், நன்றாக ஆடுபவனுக்கான பரிசு. மற்றொன்று இத்தாலியின் இஸ்கியா தீவில் கிடைத்த, ஹோமர் பாடும் முதிய மன்னன் நெஸ்டோரின் பெயரைச் சொல்லும் கிண்ணம். இரண்டிலும் இருப்பது செய்யுள். லீனியர் பி ஐந்நூறு ஆண்டுக்கு முன் கணக்கெழுத மட்டுமே பயன்பட்டதை நினைத்தால், எழுத்து இப்போது யார் கைக்குப் போயிருக்கிறது என்று தெரியும்.

ஏன் இத்தனை ஊர்களிலிருந்து வெளியே குடியேறினார்கள்?

நிலம் போதாமை, வறட்சி, உலோகம், உள்ளூர்ப் பகை, இவை கலந்து. கொரிந்து கி.மு. 733இல் சிராக்கூஸையும், ஃபோக்கேயா கி.மு. 600 வாக்கில் மசாலியாவையும் (இன்றைய மார்செய்) நிறுவின. முறை ஏறத்தாழ ஒன்றே: டெல்ஃபியின் அப்போலோ கோயிலில் குறிகேட்பது, ஒரு தலைவரை நியமிப்பது, தாய்நகர அடுப்பிலிருந்து நெருப்பு எடுத்துப்போவது, இறங்கியதும் மனை, வயல் பங்கிடுவது. தாய்நகரத்துக்கு மரியாதை உண்டு, கட்டுப்பாடு பெரும்பாலும் இல்லை.

எல்லோரும் விரும்பிப் போகவில்லை. ஹெரடோட்டஸ் சொல்வதன்படி தேராவில் ஏழு ஆண்டு மழை இல்லை. சகோதரர்களில் ஒருவரைச் சீட்டுப்போட்டு, ஐம்பது துடுப்புக் கப்பல் இரண்டில் லிபியாவுக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தவர்களைக் கரையேற விடாமல் அடித்து விரட்டினார்கள். முதலில் கரையோரத் தீவில், பிறகு வேறோர் இடத்தில் என்று அலைந்து, கி.மு. 631 வாக்கில் கைரீனில் நிலைத்தார்கள். "இங்கே வானத்தில் ஓட்டை இருக்கிறது" என்று உள்ளூர்க்காரர்கள் அந்த இடத்தைக் காட்டினார்களாம். பொய்யில்லை: அந்த மேட்டுநிலம் லிபியாவிலேயே நல்ல மழை பெறும் பகுதி.

சங்க இலக்கியத்தில் வரும் யவனர் இவர்கள்தானா?

காலம் பொருந்தாது. முசிறிக்குப் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய யவனர் ரோமப் பேரரசுக் கால வணிகர்கள்; பலர் எகிப்திலிருந்து செங்கடல் வழியாக வந்த கிரேக்க மொழியினர். மைசீனி விழுந்து ஆயிரம் ஆண்டுக்கு மேல் கழிந்த பிறகு நடந்தது அது. பெயர் மட்டும் ஏஜியனின் கிழக்குக் கரையில் வாழ்ந்த அயோனியரிடமிருந்து, பாரசீகம், வடமொழி வழியாக வந்தது. மைசீனியர் காலத்துத் தமிழகத் தொடர்பு என்று எங்காவது படித்தால், அவர்கள் காட்டும் பொருளின் காலத்தை முதலில் கேளுங்கள். பெரும்பாலும் அது கி.மு. முதல் நூற்றாண்டுக்குப் பிந்தியதாக இருக்கும்.